முந்திச் சிரிப்பவர்

துர்க்கு கப்பல் தளத்தில்
முப்பத்தோராண்டு இரும்பு அராவினார் என் கணவர் தைஸ்தோ.
கப்பல்கள் முழுசாய்க் கடலுக்குப் போயின.
காது கொஞ்சம் கொஞ்சமாய்ப் போயிற்று,
யாரும் அதற்குக் கையெழுத்துக் கேட்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, எங்கள் டிவிக்கு
நாற்பத்தெட்டு வரை சத்தம் உண்டென்று.
வானிலை சொல்லும் பெண்
சமையலறைக் கரண்டிகளை அதிரவைத்தாள்.
பக்கத்து வீட்டு ஒன்னி, இரவுப் பேருந்து ஓட்டுகிறவன்,
சுவரை மூன்று முறை தட்டுவான்.
எனக்குக் கேட்கும்.
தைஸ்தோவுக்கு என் முகத்தில் தெரியும்.

டேனிஷ் துப்பறியும் தொடரென்றால் கவலையில்லை.
வெளிநாட்டுப் படம் எதற்கும் அடியில் எழுத்து ஓடும்.
கோபன்ஹேகனில் யார் யாரைக் கொன்றார்களென்று
எனக்கு முன்னால் கண்டுபிடிப்பார்.
சனிக்கிழமை எங்கள் ஊர் நகைச்சுவை நாடகம் வந்தால்தான்
தெரியாத ரயில் நிலையத்தில் இறங்கியவர்போல் உட்கார்ந்திருப்பார்.
தாய்மொழி ஒன்றுதான் அவருக்கு
மொழிபெயர்ப்பு இல்லாமல் வந்தது.

"என்ன சொன்னான்?"
நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும்.
"அதுக்கு அவள் என்ன சொன்னாள்?"
"ஒன்றுமில்லை."
எத்தனை ஒன்றுமில்லை சொன்னேனோ, கணக்கில்லை.
பிறகு கேட்பதை விட்டார்.
நான் சிரித்தால் சிரித்தார், ஒரு மூச்சு தள்ளி.
ஒருமுறை தும்மல் வரப்போய் என் முகம் கோணியது;
அதற்கும் சிரித்து வைத்தார்.

காதுக்கருவி கொடுத்தார்கள்.
முட்டைக் கிண்ணத்தில் கிடந்து விசிலடிக்கும், எனக்கு மட்டும்.
மாட்டிக்கொண்டால் மனிதக் குரலைவிட
செய்தித்தாள் மடிக்கிற சத்தம் பெரிதாயிருக்கிறதாம்.

நவம்பரில், பனி இன்னும் பிடிக்காத ஒரு மாலை
ரிமோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.
திரையின் அடியில்
ஃபின்னிஷ் பேச்சுக்கே ஃபின்னிஷில் எழுத்து!
எழுந்தால் போய்விடுமோ என்று
நாடகம் முடியும்வரை அதன் மேலேயே இருந்தார்.

அந்த எழுத்துக்குப் பேச்சு மட்டுமா தெரியும்?
கதவு கிறீச்சிடுகிறது என்கும்.
தூரத்தில் நாய் என்கும்.
மழை தொடங்குகிறது என்றதும்
எழுந்துபோய் எங்கள் சன்னலைப் பார்த்துவிட்டு வந்தார்.
"நம்ம கதவும் இப்படித்தான் கிறீச்சிடுமா?"
ஆமாம், பதினோரு வருஷமாய்.
மறுநாள் கீலுக்கு எண்ணெய் விட்டார்.
அவர் வீடு திரும்பும் சத்தம் அதுதான்.
நான் சொல்லவில்லை.

நேரலைச் செய்தியில் எழுத்து பிந்தி வரும்.
அமைச்சர் எழுந்துபோன பிறகு அவர் வாக்குறுதி வந்து சேரும்.
"அது எப்பவும் அப்படித்தானே" என்றார் தைஸ்தோ.
நாடகத்திலோ, நடிகன் வாய் திறக்குமுன்
வசனம் அடியில் வந்து நின்றுவிடுகிறது.
ஆகவே இப்போது முதலில் சிரிப்பது அவர்.
சோபா குலுங்குகிறது.
என்ன வரப்போகிறதென்று தெரியாமலே
அவர் முகம் பார்த்து நானும் சிரிக்கிறேன்.
பிறகுதான் அந்த வரி என் காதுக்கு வருகிறது;
பல நேரம் அவ்வளவு சிரிப்பதற்கு அதில் ஒன்றுமிருக்காது.

டிசம்பரில் ஒன்னி வந்தான், சுவருக்கல்ல, கதவுக்கு.
சீருடை, தலை வாராமல்.
"நீங்க ரெண்டு பேரும் நல்லாயிருக்கீங்களா?"
நல்லாயிருக்கோம்.
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:
எட்டே முக்காலுக்கு அந்த வானிலைக்காரி கத்தித்தான்
அவன் எழுந்திருப்பானாம்.
இந்த வாரம் இரண்டு நாள் பேருந்து தாமதமாம்.
தைஸ்தோவுக்கு ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்.
நெடுநேரம் படித்தார்,
ஏதோ பட்டயம் கொடுத்ததுபோல்.

இப்போது தினமும் எட்டே முக்காலுக்கு
நாற்பத்தெட்டு.
லாப்லாந்தில் கழித்தல் இருபத்திரண்டு என்று
வீடே அலறுகிறது, நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.
தைஸ்தோ உள்ளங்கையைச் சுவரில் வைத்து நிற்கிறார்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது வருமுன்பே
சத்தத்தைக் குறைக்கக் கை போகிறது.